அத்தியாயம் 7: நண்பருக்குத் தண்டனை விழுந்த பிறகு

உங்கள் நண்பர் அந்தக் குற்றத்தைச் செய்திருக்கமாட்டார் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. செய்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பு எழுதிவிட்டது. அவர் நல்லவர், வல்லவர், எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்று இனி ஊரெல்லாம் சொன்னாலும் வழக்கு இம்மியும் நகராது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆளைப் பார்ப்பதில்லை, கேஸ் கட்டைத்தான் பார்க்கும். ஆகவே, தமிழ்நாட்டில் ஒரு தண்டனைக் கைதியின் நண்பர் அந்தக் கட்டை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் ஒன்று. சட்டத்தின் கண்ணில் நீங்கள் யாரும் இல்லை. வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் சிறையில் இருப்பவர். அதற்குச் சிறை அதிகாரியின் சான்றொப்பமும் வேண்டும். வழக்கை எந்த வக்கீலிடம் கொடுப்பது, எவ்வளவு செலவழிப்பது என்பதெல்லாம் அவரும் குடும்பமும் எடுக்க வேண்டிய முடிவு. நண்பரின் மனைவி, “நீங்க சொல்றது எனக்குப் புரியுதுண்ணே, இதை அவங்க பெரியண்ணன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றால் எரிச்சல்படாமல் போய்ச் சொல்லுங்கள். குடும்பத்தைத் தாண்டிக்கொண்டு ஓடிய நண்பர்கள் இரண்டாவது வாய்தாவிலேயே தனியாக நிற்பதை எந்த நீதிமன்ற வராந்தாவிலும் பார்க்கலாம்.

நாள் கணக்கு

நீதித்துறை நடுவர் தண்டித்திருந்தால் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். அமர்வு நீதிமன்றம் தண்டித்திருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனை என்றால் அதற்கும் 30 நாள்தான். தீர்ப்பு நகல் வாங்கச் செலவான நாட்கள் இதில் கழியும். கெடு தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். காரணத்தைச் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போடலாம். ஆனால் அந்த நிலைக்குப் போகாமலிருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுத்திருப்பார்கள், அது நண்பரின் துணிப் பையில் மடிந்து கிடக்கும், வெளியில் யாரிடமும் இருக்காது. முதல் வேலையாக அதன் பிரதி ஒன்றை வெளியில் கொண்டுவர ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு வழியில்லை என்றால் தண்டித்த நீதிமன்றத்தில் நகல் மனுப் போடச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பதால் மேல்முறையீடே போடாமல் விட்ட குடும்பங்கள் உண்டு. அப்படி விட வேண்டிய அவசியமே இல்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, உயர் நீதிமன்றத்தில் சென்னை, மதுரை இரண்டு இடங்களிலும் உள்ள சட்டப் பணிக் குழுக்கள், தொலைபேசியில் 15100. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் மேல்முறையீட்டை அனுப்பலாம். இலவச வக்கீல் என்றாலே ஏனோதானோ என்று எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். கட்டணம் வாங்கியவரிடமும் அது நடக்கும். வேறுபாட்டை உண்டாக்குவது, வழக்கைப் பின்தொடர வெளியில் ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான்.

பின்தொடராவிட்டால் என்ன ஆகும்? உத்தரப் பிரதேசத்தின் லலித்பூரைச் சேர்ந்த ஒருவர் 2000-இல் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார். சிறையிலிருந்தே மேல்முறையீடு போட்டார். அந்த மனு ‘குறைபாடுள்ளது’ என்ற முத்திரையோடு 16 ஆண்டுகள் அலுவலகத்தில் கிடந்தது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் எடுத்து விசாரித்து அவரை விடுவித்தபோது உள்ளே 20 ஆண்டுகள் போயிருந்தன. மனுத் தாக்கல் ஆனதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எண் ஆகிவிட்டதா, திருப்பி அனுப்பினார்களா, என்ன குறை சொன்னார்கள் என்று குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சிஎன்ஆர் எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று கைப்பேசியிலேயே தெரியும்.

மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் போடுவார்கள். புதிய நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இல் அது 430-ஆம் பிரிவு. வக்கீல்கள் பழக்கத்தில் இன்னும் பழைய சட்டத்தின் எண்ணை வைத்து ‘389 பெட்டிஷன்’ என்றே சொல்வார்கள். கொலை வழக்குகளில் எளிதில் கிடைக்காது. கிடைத்தால் இரு நபர் ஜாமீன் கேட்பார்கள். ஆதார் அட்டை, வீட்டு வரி ரசீதுடன் நீதிமன்றத்தில் போய் நிற்க யார் தயார் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்கள் எல்லாச் சிறையிலும் இருக்கிறார்கள்.

கட்டைப் படிப்பது

விசாரணை நீதிமன்ற வக்கீலிடமிருந்து கட்டை வாங்கும்போது சண்டை வேண்டாம். தோற்ற வழக்கின் வக்கீலும் மனிதர்தான். அவர் மனம் வைத்தால் தீர்ப்பில் வராத பத்து விஷயங்களைச் சொல்வார். மாற்று வக்காலத்துக்கு அவருடைய ஒப்புதல் கையெழுத்தும் வேண்டியிருக்கும். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டை நிறுத்திவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லியிருக்கிறது. அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே எடுத்து வீசாதீர்கள்.

கட்டில் முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலங்கள், மகஜர்கள், மருத்துவச் சான்றுகள், தடய அறிவியல் அறிக்கை, நீதிமன்றத்தில் பதிவான சாட்சியம் எல்லாம் இருக்கும். அ.சா.1 என்றால் அரசுத் தரப்பின் முதல் சாட்சி, சா.பொ.1 என்றால் முதல் சான்றுப் பொருள். தீர்ப்பை ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டு மூடி வையுங்கள். பிறகு சாட்சியத்தை எடுத்து, தீர்ப்பு சொல்வதும் சாட்சி சொன்னதும் ஒன்றுதானா என்று பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். வக்கீலுக்கு இதற்கெல்லாம் பொழுது இருக்காது. உங்களுக்கு இருக்கிறது. நண்பர் என்ற முறையில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

முதல் தகவல் அறிக்கையில் தொடங்குங்கள். புகார் எத்தனை மணிக்கு வந்தது என்று காவல் நிலையம் எழுதியிருக்கும். அதே தாளில், தன் கைக்கு வந்த நாளையும் மணியையும் எழுதி நீதித்துறை நடுவர் சுருக்கொப்பம் இட்டிருப்பார். இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தைக் கணக்குப் பாருங்கள். இரவு 9 மணிக்குப் பதிவான அறிக்கை, அதே ஊரிலிருக்கும் நடுவரின் கைக்கு மறுநாள் மாலை போய்ச் சேர்ந்தது என்றால், அந்த நேரத்தில் யாருடைய பெயர் உள்ளே நுழைந்தது என்ற கேள்வி எழும். சேலம் அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, சென்னை உயர் நீதிமன்றமும் உறுதி செய்த துலியா காளி வழக்கில், காவல் நிலையம் இரண்டு மைல் தொலைவில்தான் இருந்தது. புகாரோ 20 மணி நேரத்துக்கு மேல் கழித்துப் போனது. 1972-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தாமதத்தை முக்கியமான காரணமாக எடுத்துக்கொண்டு அவரை விடுவித்தது. இன்றைக்கும் தமிழ்நாட்டு வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. ஆனால் தாமதம் மட்டுமே ஒரு வழக்கை உடைத்துவிடாது. மழை, பேருந்து இல்லை என்று ஏற்கத்தக்க விளக்கம் இருந்தால் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும்.

அடிதடி, கொலை வழக்கு என்றால் விபத்துப் பதிவேட்டின் நகலைத் தேடுங்கள். ஏ.ஆர். காப்பி என்பார்கள். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததும், யார் அடித்தது, எத்தனை பேர், எதால் அடித்தார்கள் என்று பணி மருத்துவர் கேட்டு எழுதிக்கொள்கிறார். போலீஸ் வருவதற்கு முன்பே எழுதப்படும் காகிதம் அது. அதில் ‘முகம் தெரியாத மூன்று பேர், கட்டையால்’ என்றிருந்து, குற்றப்பத்திரிகையில் பெயர் தெரிந்த ஒருவரும் அரிவாளும் இருந்தால், அந்த இரண்டு வரிகளை வக்கீலின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்தது ஒப்புதல் வாக்குமூலம். காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது. அதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். ஆகவே நம் ஊர்க் கட்டுகளில் ஒரு காட்சி அடிக்கடி வரும்: தலைமறைவாக இருந்தவர் தானாகவே வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய், முன்பின் தெரியாத கிராம நிர்வாக அலுவலரிடம் மனம் திறந்து கொலையை ஒப்புக்கொள்வார். அவரும் அதை எழுதி வாங்கி ஆளை நிலையத்தில் ஒப்படைப்பார். பிறகு அரிவாள் எடுத்த மகஜரில் அதே வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சியாக நிற்பார்கள். சில வழக்குகளில் இது உண்மையாகவே நடந்திருக்கலாம். உங்கள் நண்பருக்கு அந்த வி.ஏ.ஓ.வோடு என்ன பழக்கம், அவர் ஏன் அங்கே போக வேண்டும், குறுக்கு விசாரணையில் இதைக் கேட்டார்களா என்று பாருங்கள்.

டிஎன்ஏ என்ற சொல்லைக் கண்டதும் நிறைய நண்பர்கள் கட்டை மூடிவிடுகிறார்கள். தேவையில்லை. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் ஒரு காதல் ஜோடி கொல்லப்பட்ட வழக்கில், ஒருவருக்கு விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போயின என்பதில் இருந்த ஓட்டைகள், அந்த டிஎன்ஏ அறிக்கையையே நம்ப முடியாததாக்கிவிட்டன. அதே தீர்ப்பில் நாடு முழுவதற்கும் நெறிமுறையும் வகுத்தார்கள்: மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கை மாறும் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் ஏற வேண்டும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் உறையைத் திறக்கக் கூடாது. உங்கள் வழக்கில் மாதிரி எடுத்த தேதி, நீதிமன்றத்துக்கு வந்த தேதி, ஆய்வகத்துக்குப் போன தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பொருள்கள் நீதிமன்றம் வந்த தேதி படிவம் 95-இல் இருக்கும்.

போலீஸ் ஒதுக்கிவைத்த காகிதம் எதுவும் உண்டா என்றும் கேளுங்கள். மகாராஷ்டிராவில் 2003-இல் நடந்த ஒரு கொலை, கொள்ளை வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கும் மரண தண்டனை என்று உச்ச நீதிமன்றமே 2009-இல் சொன்னது. பிறகு அந்தத் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்று மறுபடியும் விசாரித்து, 2019 மார்ச்சில் ஆறு பேரையும் விடுவித்தது. தலா 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. நேரில் பார்த்த சாட்சி, தொடக்கத்திலேயே போலீஸ் காட்டிய படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அது விசாரணைக் கட்டிலேயே இருந்தது. அரசுத் தரப்பு அதை மறைத்திருந்தது.

நீங்கள் கண்டெடுத்ததையெல்லாம் வக்கீலுக்குக் கதையாகச் சொல்லாதீர்கள். இரண்டு பக்கக் குறிப்பு போதும்: எந்தச் சாட்சி, எந்தப் பக்கம், என்ன முரண். உங்கள் கருத்தையும் கோபத்தையும் அதில் சேர்க்க வேண்டாம். நண்பருக்கு எதிரானவற்றையும் அதே குறிப்பில் எழுதுங்கள். எதிர்த்தரப்பு எப்படியும் எடுத்து வைக்கும். உங்கள் வக்கீல் அதை முதல் தடவையாக நீதிபதி முன்னால் கேட்கக் கூடாது.

தீர்ப்பின் கடைசிப் பத்தி

தண்டனை விவரத்துக்குப் பிறகு, யாரும் படிக்காத ஒரு பத்தி தீர்ப்பில் இருக்கும். ‘சா.பொ.1 முதல் 7 வரை மதிப்பற்றவை என்பதால் மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் அழிக்கப்பட வேண்டும்’ என்பது போல. அந்த மதிப்பற்ற துணியிலோ கத்தியிலோதான் இனிச் செய்ய வேண்டிய பரிசோதனை மிச்சமிருக்கும். மேல்முறையீடு போட்டதுமே அவற்றை அழிக்காமல் வைத்திருக்க உத்தரவு கேட்க முடியுமா என்று வக்கீலிடம் பேசுங்கள்.

புதிய சான்று கிடைத்தால் மேல்முறையீட்டிலேயே கூடுதல் சாட்சியம் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது, பிஎன்எஸ்எஸ் 432. ஆனால் விசாரணையின்போதே கையில் இருந்ததை ஏன் அப்போது கொடுக்கவில்லை என்று நீதிபதி கேட்பார். கடையின் சிசிடிவி, தொலைபேசி அழைப்புப் பட்டியல், சுங்கச்சாவடிப் பதிவு எல்லாம் நாளாக நாளாக அழிந்துபோகும். இருந்தால் இன்றே எழுத்தில் கேளுங்கள்.

வயதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சம்பவத்தன்று நண்பருக்கு 18 நிறையவில்லை என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும், வழக்கு முற்றிலும் முடிந்த பிறகும்கூட எழுப்பலாம். 1994-இல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஒருவர் சம்பவத்தின்போது 12 வயதுச் சிறுவன் என்பது, ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் ஆவணத்தால் தெரியவந்தது. 28 ஆண்டுகளுக்குமேல் சிறையில் இருந்தவரை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பள்ளிக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க வக்கீல் பட்டம் வேண்டியதில்லை.

சாட்சிகளின் வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். “உண்மையைத்தானே சொல்லச் சொன்னேன்” என்பது உங்கள் பக்கத்துக் கதை. மிரட்டினார் என்று அவர் ஒரு புகார் கொடுத்தால் உங்கள் மேல் தனி வழக்கு. நண்பரின் மேல்முறையீட்டுக்கும் அடி. யாராவது தாமாக வந்து பேசினால் வக்கீலிடம் அனுப்புங்கள். இறந்தவரின் குடும்பத்துக்கும் இது பொருந்தும். அவர்கள் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. உங்கள் நண்பர் செய்யவில்லை என்றாலும் அது மாறாது.

சிறைக்குப் போகும்போது

புழலோ வேலூரோ பாளையங்கோட்டையோ, மனு பார்க்கப் போகிறவர்கள் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். வரிசையில் நின்றது மணிக்கணக்கு, பேசியது சில நிமிஷம் என்றுதான் இருக்கும். அந்தச் சில நிமிஷத்தில் வழக்கைப் பேசாதீர்கள். “அன்னிக்கு ராத்திரி நீ எங்கடா இருந்தே?” என்ற கேள்வியை அங்கே கேட்கவே கூடாது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நண்பரிடம் சொல்வதற்கு இல்லை. கடிதங்களும் சிறையில் படிக்கப்படும். பிள்ளையின் பள்ளி, அம்மாவின் மாத்திரை, வாய்தா தேதி இவை போதும். அடுத்து எப்போது வருவேன் என்று சொன்னால் அன்றைக்குக் கட்டாயம் போய்விடுங்கள்.

கட்டைப் படித்துக்கொண்டே வரும்போது உங்களுக்கே சந்தேகம் வரலாம். பழகிய ஆளுக்குள் தெரியாத ஓர் ஆள் இருந்திருப்பாரோ என்று தூக்கம் கெடும். என் கருத்து இது: அவர் செய்திருந்தாலும் முறையான மேல்முறையீடு அவருடைய உரிமை, அதற்கு உதவுவதில் தவறில்லை. ஆனால் ‘அவர் அப்பாவி’ என்று ஊர் முன் சொல்வதை அன்றோடு நிறுத்திவிடுங்கள். கட்டு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

போஸ்டர், பேட்டி, காணொளி எல்லாம் மேல்முறையீடு எண்ணான பிறகு, வக்கீலைக் கேட்டுச் செய்ய வேண்டியவை. நீதிபதி விலைபோனார் என்று ஒரு வரி எழுதினால் அவமதிப்பு வழக்கு. பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் பெயரோ அடையாளமோ வெளியிட்டால் அது தனிக் குற்றம். நண்பரை நல்லவராக்க அந்தப் பெண்ணைக் கெட்டவளாக்கும் பிரச்சாரத்தில் சேராதீர்கள். அது கேவலம், வழக்குக்கும் உதவாது.

தோற்றால், ஜெயித்தால்

உயர் நீதிமன்றத்தில் தோற்றால் உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனு, 90 நாளுக்குள்; மரண தண்டனை என்றால் 60 நாளுக்குள். அதன் பிறகு சீராய்வு, கடைசியாகக் குறைதீர் மனு. இவை இரண்டும் வெல்வது அபூர்வம். முடிந்த வழக்கைத் திறந்து பார்க்க இங்கிலாந்தில் 1997 முதல் இயங்குவது போன்ற தனி ஆணையம் நம் நாட்டில் இல்லை. மிச்சமிருப்பது தண்டனைக் குறைப்பும், ஆளுநர், குடியரசுத் தலைவரிடம் கருணை மனுவும்.

அந்த வழியில் போகும்போது விடுதலை வேறு, குற்றமற்றவர் என்ற தீர்ப்பு வேறு என்பதைக் குடும்பத்துக்குப் புரியவையுங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட மகன் பேரறிவாளனுக்காக 31 ஆண்டுகள் அலைந்த அற்புதம்மாளைத் தமிழர்கள் அறிவார்கள். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் ஓய்வுபெற்ற பின், 2013-இல், வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகும் தண்டனைத் தீர்ப்பு ரத்தாகவில்லை. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 142-ஆம் பிரிவில் அவரை விடுவித்தது. அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரிடம் கிடந்த தாமதம் அதற்கு முக்கியக் காரணம்.

மேல்முறையீட்டில் விடுதலையே கிடைத்துவிட்டால், இழந்த ஆண்டுகளுக்கு இழப்பீடு கேட்க நேரான சட்டம் எதுவும் இங்கே இல்லை. சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-ஆவது அறிக்கையில் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுருளி அருவித் தீர்ப்பிலும் நீதிபதிகள் இதைத் தொட்டுவிட்டு, சட்டமன்றங்கள் முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல்கள் சிலவற்றை வாங்கி வையுங்கள். வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் கேட்பார்கள். அப்புறம், கேஸ் கட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போக அரசுக்கும் 90 நாள் இருக்கிறது.